பழைய நீச்சல் குளத்தைப் புதுப்பிக்கிறீர்களா? முதல் செலவு ஒயரிங்குக்கு இருக்கட்டும்

சென்னை ஈ.சி.ஆர். பக்கம் இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கட்டிய வீடுகளில் நீச்சல் குளத்தைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் புது பம்ப், கலர் எல்.இ.டி. விளக்கு என்றுதான் தொடங்குகிறது. ஒயரிங் கடைசியில் வரும். கையில் பணம் தீர்ந்துவிட்டால் வராமலே போகும். முதல் தவறு இதுதான். நனைந்த தோல் மின்சாரத்தை அவ்வளவாகத் தடுக்காது. அறையில் சுள்ளென்று அடித்துவிட்டுப் போகும் கசிவு, தண்ணீருக்குள் தசைகளை முடக்கி ஆளை மூழ்கடித்துவிடும்.

மின்கசிவு வந்தால் சப்ளையை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை, புதிதாக 30 மில்லியாம்பியரில், மாட்டியதும் அது அடிக்கடி ட்ரிப் ஆகும். மோட்டாரின் உள்சுருளில் (வைண்டிங்) ஈரம் இறங்கியிருக்கலாம். தோட்ட விளக்கின் நியூட்ரலும் குளத்தின் நியூட்ரலும் ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கிக் கிடக்கலாம். அதைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு 100 மில்லியாம்பியருக்கு மாற்றுகிறார்கள், அல்லது பைபாஸ் செய்துவிடுகிறார்கள். 100 என்பது தீ விபத்தைத் தடுக்க உதவும். மனித உயிரைக் காக்காது. இன்னொன்றையும் பாருங்கள்: ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சுக்கு முன்னால் ஆர்.சி.சி.பி., ஈ.பி. லைனில் மட்டும் இருந்தால், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரம் முழுக்கக் குளத்துக்குப் பாதுகாப்பே இல்லை.

‘எர்த் போட்டாச்சு’ என்பதோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. ஏணி, கைப்பிடி, மோட்டார் உடல், காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அப்போதுதான் எங்கேனும் கசிவு வந்தாலும், தண்ணீரில் நின்றபடி ஏணியைப் பிடிப்பவரின் உடம்பு வழியே மின்சாரம் பாயாது. உள்கம்பியைத் தொட டைல் உடைக்கும் நேரம்தான் வாய்ப்பு. பூசி மூடிய பிறகு யாரும் மறுபடி உடைக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கு 12 வோல்ட் ஏசிக்கு மேல் கூடாது. அதைத் தரும் டிரான்ஸ்ஃபார்மர், உள்வரும் மின்சுற்றும் வெளிவரும் மின்சுற்றும் ஒன்றையொன்று தொடாத ஐசொலேஷன் வகையாக இருக்க வேண்டும். குளத்தின் விளிம்பை ஒட்டி வைக்காமல் பம்ப் ரூமில் வைக்க வேண்டும். நல்லெண்ணத்தில் அதன் 12 வோல்ட் பக்கத்தையும் எர்த்தோடு இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அது கூடாது, வேறெங்கோ ஏற்படும் கோளாறு அந்த எர்த் வழியாகவே விளக்குக்கு வந்து சேரும். பழைய 300 வாட் பல்புக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் சிறிய எல்.இ.டி.யை மாட்டினால் மினுக்கும், சீக்கிரம் போகும். கேபிள் போதவில்லை என்று தண்ணீருக்கு அடியில் டேப் சுற்றி ஒட்டுப்போடுவதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டு இல்லாத முழு நீளக் கேபிள்தான் வேண்டும்; விளக்கைக் கரைக்குத் தூக்கிக் கழற்றும் அளவுக்கு மிச்சமும் இருக்க வேண்டும்.

பம்ப்புக்கு வருவோம். ‘இப்போ ஒரு ஹெச்.பி., அடுத்தது ரெண்டாக இருக்கட்டும்’ என்பது ஆபத்தான ஆசை. குழாய் அதே ஒன்றரை அங்குலம், ஃபில்டரும் அதே என்றால் கூடுதல் வேகம் ஃபில்டருக்குள் இருக்கும் மணலைக் கலைத்து அழுக்கைத் திருப்பி அனுப்பும். அதைவிட மோசம், அடியில் ஒரே ஒரு வடிகால் உள்ள குளங்களில் உறிஞ்சும் விசை கூடுவது. 2002இல் அமெரிக்காவில் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஒரு ஸ்பாவின் வடிகாலில் சிக்கி இறந்தாள். அதன் பிறகுதான், 2007இல், சிக்க வைக்காத வடிகால் மூடிகளை அங்கே சட்டம் கட்டாயமாக்கியது. தட்டையான பழைய மூடி உங்கள் குளத்தில் இருந்தால் பம்ப்பை மாற்றும் முன் அதை மாற்றுங்கள். வேகம் மாற்றக்கூடிய பம்ப் வாங்குவது நல்லது: வேகத்தைப் பாதியாக்கினால் மின்தேவை கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

ஆசிட் கேனை பேனல் போர்டு அருகே வைக்காதீர்கள். அதன் ஆவி, கடல் காற்றோடு சேர்ந்து, பம்ப்பை ஆன், ஆஃப் செய்யும் காண்டாக்டர்களை அரித்துவிடும். குளோரினோடு ஆசிட் கலந்தால் நச்சு வாயு வரும்; இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

வேலைக்காகக் குளத்தைக் காலி செய்வதானால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டவே வேண்டாம். நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது வெறும் குளத்தை அது கீழிருந்து தூக்கிவிடும். காங்கிரீட் விரிசல் விட்டு குழாய்கள் முறியும். கோடையில், பக்கத்துக் கிணற்று நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை இறக்குங்கள்.