விஷச் சிப்பாய் ஆட்டத்தைப் படிக்கும் முறை: ராணியைப் பின்தொடருங்கள்

சதுரங்கத்தில் சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்க முறையின் நஜ்டோர்ஃப் பிரிவில், கறுப்பு ராணி பி2-இல் (கட்டங்களை எழுத்தும் எண்ணும் சேர்த்துக் குறிப்பர்) உள்ள சிப்பாயை வெட்டிவிட்டு எதிரியின் எல்லைக்குள்ளேயே தங்கிவிடும் வழிக்கு விஷச் சிப்பாய் என்று பெயர். இதைப் படிக்க 1972-இல் ரெய்க்யாவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்போதைய உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கி வெள்ளை, அவருக்குச் சவால் விட்ட ஃபிஷர் கறுப்பு. வெள்ளை 31 நகர்வுகளில் வென்றது.

ஆட்டத்தை மதிப்பிடும் கணினி நிரலைத் தொடக்கத்திலேயே திறக்க வேண்டாம். அது தரும் எண், யார் மேலோங்கியிருக்கிறார் என்பதைச் சொல்லுமேயன்றி, ஏன் என்பதை விளக்காது. பலகையில் காய்களை அடுக்கி, கறுப்பு ராணி பி2-ஐ வெட்டும் எட்டாவது நகர்விலிருந்து, ஒவ்வொரு முறையும் அது பத்திரமாகச் செல்லக்கூடிய கட்டங்கள் எவை என்று தாளில் எழுதி வாருங்கள். சலிப்பான வேலைதான்; ஆனால் இந்த ஆட்டத்தின் கதை முழுவதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

14-ஆவது நகர்வுக்கு முன் வெள்ளையின் விடையை மறைத்துவிட்டு நீங்களே யோசியுங்கள். ஸ்பாஸ்கி சி3-இல் இருந்த குதிரையை அதன் பிறந்த கட்டமான பி1-க்கே திருப்பினார். முன்னேறிய காயைப் பின்வாங்குவது நம்மில் பலருக்குத் தோன்றவே தோன்றாது. ஏ3-இல் இருந்த ராணி தாக்கப்பட்டு பி4-க்கு நகர, வெள்ளை ராணி இ3-க்கு வந்து பி6 கட்டத்தையும் அடைத்தது. இப்போது வெள்ளை சிப்பாயை ஏ3-க்குத் தள்ளினால் கறுப்பு ராணிக்கு ஏ4 மட்டுமே மிஞ்சும். குதிரை மீண்டும் சி3-க்குப் பாய்ந்ததும் அதுவும் போய்விடும். இந்த அச்சுறுத்தலைக் கண்ட பிறகே, ஃபிஷர் உடனே சிப்பாயை டி5-க்குத் தள்ளி ராணிக்கு வழி திறந்ததன் காரணம் விளங்கும்.

அடுத்து நிறுத்த வேண்டிய இடம் 24-ஆவது நகர்வு. எச்8-இல் உள்ள யானையை வெட்டும் வாய்ப்பு இருந்தும், வெள்ளை அதை விட்டுவிட்டு ஏ4-க்குச் சிப்பாயைத் தள்ளியது. பி5-இல் நிற்கும் கறுப்பு ராணிக்கு இ2 திறந்திருப்பதுபோலத் தோன்றும். ஏ1 யானை இ1-க்கு வந்தால் அங்கும் ராணி சிக்கிவிடும் என்பதைக் காய்களை நகர்த்தியே சரிபாருங்கள். ஃபிஷர் ராணியைக் கைவிட்டு எதிர்த்தாக்குதலை நாடினார், அது போதவில்லை.

பிறகு அதே போட்டியின் 7-ஆவது ஆட்டத்தை அருகில் வைத்து, அதே வழியில் இறங்கிய ஃபிஷர் அங்கே ஆட்டத்தைச் சமன் செய்ததையும், வெள்ளை பத்தாவது நகர்விலேயே வேறு பாதையில் பிரிந்ததையும் ஒப்பிடுங்கள். கணினியைத் திறக்க வேண்டியது அதன் பின்னரே. அப்போதும், உங்கள் தாளில் எழுதியதற்கு மாறாக அது சொல்லும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.