எல்.எல்.பி. படிப்பின் அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வரும் ஜனவரி மாதத்தில், டர்பன் பகுதியின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கல்லூரிக் கையேடுகள் வந்து சேரும். கையேட்டின் கடைசிப் பக்கத்திலுள்ள பொடி எழுத்தை முதலில் படியுங்கள். ‘அங்கீகாரம் பெற்றது’ என்பது வேறு, ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்பது வேறு. எங்கள் வீட்டில் இந்த வேறுபாடு முன்பணம் கட்டிய பிறகே கண்ணில் பட்டது. அந்தப் பணம் திரும்பவில்லை.

இங்கே அங்கீகாரம் வழங்கும் பொறுப்பு, 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்படி அமைந்த உயர்கல்வி மன்றத்துடையது. தனியார் கல்லூரியாக இருந்தால், உயர்கல்வித் துறை அளித்த பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் கல்லூரியின் பெயர் மட்டுமன்றி எல்.எல்.பி. படிப்பும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிறகு ‘சாக்வா’ எனப்படும் தகுதிகள் ஆணையத்தின் இணையதளத்தில் படிப்பின் எண்ணைத் தேடுங்கள்; தேசியத் தகுதி வரிசையில் எட்டாம் நிலை, குறைந்தது 480 கிரெடிட் என்று இருக்க வேண்டும்.

வழக்கறிஞர் அமைப்பிடம் கேட்டால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. தனியார் நிறுவனமொன்றின் எல்.எல்.பி. படிப்பு உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் பெற்றிருந்தும், அந்நிறுவனம் ‘பல்கலைக்கழகம்’ அல்ல என்று கூறி, அதன் பட்டதாரிகளை ஏற்க குவாசூலு-நட்டால் வழக்கறிஞர் சங்கம் மறுத்தது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்று, பதிவும் அங்கீகாரமும் பெற்ற தனியார் நிறுவனங்களையும் அச்சொல் உள்ளடக்கும் என்று 2019இல் தீர்ப்பானது. தொழிலுக்குள் இருப்பவர்களே வாசற்கதவின் சாவியையும் வைத்திருப்பது சரியல்ல என்பதால், மேற்பார்வை உயர்கல்வி மன்றத்திடமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டதாரிகளின் எழுத்துத் திறன் குறித்து வழக்கறிஞர்கள் குறைகூறுவதிலும் நியாயம் உண்டு; மதிப்பீட்டுக் குழுவில் அவர்களுக்கு இடம் கொடுத்தால் போதும்.

உயர்கல்வி மன்றம் கண்டிப்பில்லாதது என்று எண்ண வேண்டாம். 2017இல் ‘யுனிசா’ எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் உட்பட நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு, எல்.எல்.பி. அங்கீகாரம் திரும்பப் பெறப்படக்கூடும் என்று அது அறிவித்தது. ஆகவே அரசுப் பல்கலைக்கழகமானாலும் இவ்வாண்டின் நிலையைக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பின்பே பணம் கட்டுங்கள்.