ஆயில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இன்ஜின் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

டீசல் இன்ஜினின் ஆயில் ரிப்போர்ட் வந்ததும் கண் நேராக இரும்பின் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணுக்குப் போகும். அதற்கு முன் அந்த ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். 250 மணி நேரத்தில் 30 பிபிஎம் என்றால் மணிக்கு 0.12. அடுத்த முறை 500 மணி நேரத்தில் 45 வந்தால் மணிக்கு 0.09தான். எண் ஏறியிருக்கிறது, தேய்மானம் ஏறவில்லை. நடுவில் ஊற்றும் டாப்-அப் ஆயிலும் எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆகவே ஓடிய மணி, டாப்-அப் லிட்டர், ஆயில் கிரேடு மூன்றையும் பாட்டிலில் எழுதியே அனுப்புங்கள். சாம்பிளை இன்ஜின் சூடாக இருக்கும்போதே, ஆயில் வடியும் நடுப்பகுதியில் பிடிக்க வேண்டும். முதலில் வருவதில் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடிக்கசடு கலந்திருக்கும்.

சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் மண் தூசி உள்ளே போகிறது. கூடவே இரும்பும் குரோமியமும் ஏறியிருந்தால் தூசி சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைக்கத் தொடங்கிவிட்டது. ஏர் ஃபில்டரை மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். தூசி ஒட்டினால் கிளாம்ப் தளர்ந்தோ ஹோஸ் வெடித்தோ இருக்கும். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறினால், அண்மையில் கேஸ்கெட்டுக்குப் பூசிய சிலிகான் பேஸ்ட்டாகவும் இருக்கலாம்.

ஈயமும் வெள்ளீயமும் பேரிங்கின் மேல்பூச்சு. பின்னாலேயே செம்பும் ஏறினால் பூச்சு போய் அடியடுக்கு தேய்கிறது என்று பொருள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. செம்பு மட்டும், அதுவும் புது இன்ஜினில் ஏறினால் பெரும்பாலும் ஆயில் கூலரிலிருந்து கரைவதுதான். சில ஆயில் மாற்றங்களில் இறங்கிவிடும். இப்போது ஈயமில்லாத பேரிங்குகளும் வருகின்றன, அவற்றில் ஈயம் பூஜ்யம் என்பதால் நிம்மதி அடைய முடியாது.

சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலண்ட் கசிவைத் தேடுங்கள். சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். "தண்ணீர் இல்லை" என்ற வரியை நம்பி விடாதீர்கள். 15டபிள்யூ-40 கிரேடு ஆயிலின் பிசுக்குமை (கெட்டித்தன்மை) 100 டிகிரி செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே போனால் டீசல் கலந்திருக்கலாம், இன்ஜெக்டரைப் பாருங்கள்.

உலோகங்களின் பிபிஎம் அளவைத் தரும் இந்தச் சோதனையில் சுமார் 5 முதல் 8 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்கள் சரியாகப் பதிவாகாது. செதில் செதிலாக உதிரும் பேரிங்கும் நல்ல ரிப்போர்ட் வாங்கிவிடும். எனவே கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் பளபளத்தால் பேரிங் அல்லது பிஸ்டன். இப்படிச் செதில்கள் கிடைத்தால், சம்ப்பை இறக்கிப் பார்க்கும் வரை இன்ஜினை ஓட்டாதீர்கள்.