செர்ரி இறாலுக்கு ஒரு சிறிய செடித்தொட்டி: தண்ணீரை நிரப்புவதும் மாற்றுவதும்

தொட்டி தெளிவாக இருக்கிறது, செடிகள் பச்சையாக இருக்கின்றன, அம்மோனியா பூஜ்யம். ஆனாலும் வாரத்துக்கு ஓர் இறால் செத்துக் கிடக்கிறது. இறால் வளர்க்கத் தொடங்குகிறவர்களின் புலம்பல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பலமுறை இதற்குக் காரணம் நோயாக இருப்பதில்லை. ஓடு கழற்றும் நேரத்தில் இறால் மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் நாம் தண்ணீர் ஊற்றும் முறை இருக்கிறது. அந்தப் படியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். கண்ணாடி துடைப்பது, மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

எந்த இறால்

முதல் தொட்டிக்கு செர்ரி இறால்தான். நியோகாரிடினா டேவிடி என்பது இதன் அறிவியல் பெயர். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரே இனத்தின் நிற வகைகள். ஆசைப்பட்டு நாலு நிறத்தையும் ஒன்றாக விடாதீர்கள். சில தலைமுறைகளில் குஞ்சுகள் காட்டு நிறமான மங்கிய பழுப்புக்குத் திரும்பிவிடும்.

சிவப்பு வெள்ளைப் பட்டையோடு அழகாக இருக்கும் கிரிஸ்டல் இறால் காரிடினா வகை. அதற்கு மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும். இரண்டாவது தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமானோ இறால் பாசி தின்பதில் கெட்டிக்காரன், ஆனால் அதன் இளம்புழுக்கள் வளர உப்பு கலந்த நீர் தேவை. குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அது ஏமாற்றமாகவே முடியும்.

தொட்டியும் கருவிகளும்

இறால் சிறியது, ஆகவே கிண்ணம் போதும் என்ற கணக்கு தலைகீழானது. தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் கனிம அளவும் வேகமாக ஏறி இறங்கும். 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் சுமார் 40 லிட்டர் பிடிக்கும். என் தேர்வு அதுதான். 20 லிட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டி மேல். இறால் நீந்தித் திரிவதைவிட மேய்ந்து திரிவதே அதிகம்.

ஃபில்டர் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை: ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும்தான். தொட்டியின் விளிம்பில் தொங்கவிடும் ஃபில்டரும், வெளியே வைக்கும் கேனிஸ்டரும் 2 மில்லிமீட்டர் குஞ்சுகளை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். வலை கட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். அந்த வலை அடைத்துக்கொள்ளும்போது தெரியும் தொல்லை. ஸ்பாஞ்சிலோ அழுக்கும் நுண்ணுயிர்ப் படலமும் சேர்ந்து அதுவே இறாலின் மேய்ச்சல் நிலமாகிறது. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒரு செக் வால்வ் பொருத்துங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்பை நனைக்கும்.

அறையின் வெப்பம் 20 முதல் 26 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் ஹீட்டர் தேவையில்லை. 30 டிகிரியைத் தாண்டும் நாட்கள்தான் ஆபத்து, ஏனென்றால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அடியில் போட சாதாரண மணலோ மெல்லிய சரளையோ 3 செ.மீ. போதும். செடித்தொட்டிக்கென்று விற்கும் ஆக்டிவ் சாயில் காரிடினா வளர்ப்பவர்களுக்கானது. அது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைக் கீழே இழுக்கும், பல வகைகள் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவையும் கக்கும். செர்ரி இறாலுக்கு அதில் பயன் ஒன்றுமில்லை.

செடிகள்

ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இந்த மூன்றும் குறைந்த வெளிச்சத்தில் வளரும், உரம் கேட்டு அடம்பிடிக்காது. ஃபெர்னிலும் அனுபியாஸிலும் வேருக்கு மேலே கிடைமட்டமாக ஓடும் தடித்த தண்டை மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ பருத்தி நூலால் கட்டுங்கள். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

செடி வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று பூச்சிமருந்து. பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு வெளியே வளர்க்கிறார்கள். அப்போது தெளித்த மருந்து இலையில் தங்கியிருக்கலாம். மீன் தாங்கிக்கொள்ளும் அளவைக்கூட இறால் தாங்காது. புதுச் செடியை ஒரு வாரம் தனி வாளியில் போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றிய பிறகே தொட்டியில் வையுங்கள். கண்ணாடிக் குப்பியில் திசு வளர்ப்பு முறையில் வரும் செடி என்றால் அந்தக் கூழைக் கழுவிவிட்டு அப்படியே நடலாம்.

தொட்டியைப் பழக்குதல்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. எது கலக்கிறார்கள் என்று தெரியாதபோது இரண்டையும் முறிக்கும் கண்டிஷனர் சில சொட்டு ஊற்றிவிடுவதே நிம்மதி.

இனி காத்திருப்பு. இறாலின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வைத்திருந்தால் கவலையில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். இறால் விடாத தொட்டியில் 2 பிபிஎம் அளவுக்கு அம்மோனியா சேர்த்துச் சோதித்துக்கொண்டே வாருங்கள். சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் ஒரு பெரிய நீர்மாற்றம் செய்யுங்கள். தொட்டி தயார். நண்பரின் பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காலம் வெகுவாகச் சுருங்கும். சோதனைக்குச் சொட்டு மருந்துக் கிட் வாங்குங்கள். காகிதப் பட்டைகளில் நிறத்தை ஊகிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

கிட் தயார் என்று சொன்ன பிறகும் நான் இன்னும் இரண்டு வாரம் விட்டுவைப்பேன். கல்லிலும் கண்ணாடியிலும் விரல் வைத்தால் வழவழப்பாக ஒரு படலம் தட்டுப்பட வேண்டும். குஞ்சுகளுக்கு முதல் உணவு அதுதான்.

கனிமங்கள், ஓடு, ஆவியாகும் தண்ணீர்

இறால் வளர வேண்டுமானால் பாம்பு சட்டை உரிப்பதுபோல் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். தலைக்கவசமும் வயிற்றுப் பகுதியும் சேரும் இடத்தில் முதுகில் ஒரு வெடிப்பு விழும். இறால் உடலை வளைத்து ஒரு சுண்டு சுண்டும். அடுத்த கணம் அது ஒரு பக்கம் கிடக்கும், மீசை, கால், கண்மூடி வரை அச்சு அசலாக ஒரு கண்ணாடிக் கூடு மறுபக்கம் மிதக்கும். இதைப் பார்த்துச் செத்த இறால் என்று பதறுகிறவர்கள் உண்டு. கூடு ஒளி ஊடுருவும். செத்த இறாலின் உடல் வெந்ததுபோல் வெளிறிய இளஞ்சிவப்பாகும். கூட்டை எடுத்துப் போடாதீர்கள், அதிலுள்ள கனிமங்களை இறால்களே தின்று திரும்பப் பெறும்.

சில இறால்களுக்கு அந்த வெடிப்பு முதுகோடு நிற்காமல் உடலைச் சுற்றி வெள்ளை வளையமாக ஓடிவிடும். பிறகு ஓட்டிலிருந்து வெளிவர முடிவதில்லை. அப்படி வளையம் விழுந்தவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. கால்சியமும் மெக்னீசியமும் போதாமை ஒரு காரணம். தண்ணீரின் தன்மை திடீரென்று மாறினால் புது ஓடு தயாராகும் முன்பே இறால் பழையதைக் கழற்ற முயல்கிறது என்பது இன்னொரு காரணமாக வளர்ப்பவர்களிடையே பரவலாகச் சொல்லப்படுவது.

அதனால் மூன்று அளவுகள். கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று காட்டும் ஜிஹெச் என்னும் பொதுக் கடினத்தன்மை 6 முதல் 10 டிகிரி. பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கேஹெச் 2 முதல் 6. கரைந்த உப்புகள் எல்லாவற்றின் கூட்டுத்தொகையான டிடிஎஸ் 150 முதல் 300 பிபிஎம். இந்த வரம்புக்குள் எங்கே நின்றாலும் இறால் பழகிக்கொள்ளும். எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்பதுதான் முக்கியம்.

அங்கேயே நிற்காமல் அது நகர்வது எப்படி? கணக்கைப் பாருங்கள். 40 லிட்டர் தொட்டி, குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் 200. வெயில் காலம், விசிறி ஓடுகிறது, வாரத்துக்கு 4 லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அத்தனையும் தொட்டியிலேயே இருக்கிறது. குறைந்த 4 லிட்டரைக் குழாய்த் தண்ணீரால் நிரப்புகிறீர்கள். அதிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்ள, டிடிஎஸ் 220 ஆகிறது. மறுவாரம் 240. பத்து வாரத்தில் 400. மெதுவாக ஏறியதால் இறால்கள் எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் மீட்டரைப் பார்த்துத் திடுக்கிட்டு, பாதித் தண்ணீரை இறைத்துப் புதிதாக ஊற்றுகிறீர்கள். சில நிமிடங்களில் 400 என்பது 300 ஆகிறது. அடுத்த சில நாட்களில் வெள்ளை வளையங்கள் தோன்றுகின்றன. நீர்மாற்றம் நல்லதுதானே, அதைச் செய்த பிறகு ஏன் சாகின்றன என்று குழம்புவது இந்த இடத்தில்தான்.

ஆகவே நிரப்புவதும் மாற்றுவதும் இரண்டு வேறு வேலைகள். ஆவியானதை நிரப்ப ஆர்ஓ நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, முதலில் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். வாராந்தர நீர்மாற்றத்துக்கோ தொட்டியின் டிடிஎஸ்ஸுக்கும் வெப்பத்துக்கும் பொருந்திய நீர், 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். குடத்தைக் கவிழ்ப்பதுபோல் ஊற்றாமல் காற்றுக்குழாய் வழியாகச் சொட்ட விடுங்கள். டிடிஎஸ் ஏற்கெனவே 400-க்குப் போய்விட்டதா? வாரத்துக்கு 10 அல்லது 15 புள்ளிக்கு மேல் இறக்காதீர்கள். மாதக்கணக்கில் ஆகட்டும்.

குழாய் நீர் மிகக் கடினமாக இருந்தால் முழுக்க ஆர்ஓ நீருக்கு மாறி, நியோகாரிடினாவுக்கென விற்கும் ஜிஹெச் கேஹெச் தூளைக் கலந்துகொள்ளலாம். வாளியில் கலந்து, கரைந்து, அளந்த பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். தூளை நேராகத் தொட்டியில் தூவுவது வேண்டாத விளையாட்டு.

இறாலை விடுதல்

பெரியவற்றைவிட 1 செ.மீ. குட்டிகளாகப் பத்துப் பதினைந்து வாங்குங்கள். புது நீருக்கு அவை சுலபமாகப் பழகும். பை நீரோடு ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து, தொட்டியிலிருந்து காற்றுக்குழாயால் நீரை இறக்குங்கள். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினால் நொடிக்கு இரண்டு சொட்டாகக் குறையும். கிண்ணத்து நீர் மூன்று மடங்கான பிறகு, ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், வலையால் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போக வேண்டாம். விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிறிப்போய் ஒளிந்துகொள்வது முதல் சில நாட்களுக்கு இயல்பு.

தீனி மிகக் குறைவாகப் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சிட்டிகையிலும் சிறிது. இரண்டு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். மிச்சம் கிடந்தால் பிளனேரியா என்னும் தட்டைப்புழு பெருகும், அது குஞ்சுகளுக்கு எமன். காய்ந்த நாட்டுவாதுமைச் சருகு ஒன்று எப்போதும் கிடக்கட்டும். அது ஊறி மெலிந்து நரம்பு மட்டும் மிஞ்சும் வரை மேய்வார்கள். மருந்து ஏதாவது வாங்கினால் தாமிரம் இருக்கிறதா என்று சீட்டில் பாருங்கள். மீன்களுக்கான சில மருந்துகளில் உள்ள அளவே இறாலைக் கொன்றுவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுத் தொட்டி வைத்த ஒருவர், டிடிஎஸ் 250-இல் அசையாமல் நிற்கிறது, ஆனாலும் வெள்ளை வளையம் வருகிறது என்றார். ஜிஹெச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது, அதாவது கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை. அவர் வீட்டில் நீர் மென்மையாக்கும் கருவி இருக்கிறது. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக சோடியத்தை விடுகிறது. மீட்டருக்கு எல்லா உப்பும் ஒன்றுதான், இறாலுக்கு அப்படி இல்லை. கருவிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து நீர் பிடியுங்கள்.

இன்னொரு கேள்வி, எல்லா இறாலும் ஒரே நாளில் வெறி பிடித்ததுபோல் ஏன் நீந்துகின்றன என்பது. சிறியவையாகவும் வெளிர் நிறமாகவும் உள்ள ஆண்கள் மட்டும் சுற்றினால் ஒரு பெண் அப்போதுதான் ஓடு கழற்றியிருக்கிறது என்று பொருள், அவளைத் தேடுகிறார்கள். ஓரிரு நாளில் அவள் வயிற்றடியில் முட்டைகள் தெரியலாம், பொரிக்க மூன்று நான்கு வாரம். பெண்களும் சேர்ந்து நீர்மட்டத்துக்கு ஏறினால் கதை வேறு. உடனே அம்மோனியாவைச் சோதியுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் அறையில் யாராவது பூச்சிமருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். ஏர் பம்ப் அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் தொட்டிக்குள் ஊதும். மருந்து அடிக்கும் நாளில் தொட்டியை மூடி, பம்பை வேறு அறையில் வைத்துக் குழாயை மட்டும் தொட்டிக்கு நீட்டுங்கள்.