அமெரிக்கக் கூட்டாட்சி விசாரணை நீதிபதியின் பணிவரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி?

முதலில், கூட்டாட்சி நீதித்துறையின் ஆய்வு, பயிற்சி அமைப்பான ஃபெடரல் ஜுடிஷியல் சென்டரின் இணையதளத்திலுள்ள நீதிபதிகளின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பில் பெயரைத் தேட வேண்டும். அதிபர் பரிந்துரைத்து, நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் பெற்ற நீதிபதிகளுக்கான தொகுப்பு அது; எனவே எட்டாண்டுத் தவணையில் மாவட்ட நீதிபதிகளாலேயே அமர்த்தப்படும் மாஜிஸ்திரேட் நீதிபதிகளை அங்கே தேடுவது பெரும்பாலும் வீண்.

பரிந்துரை நாளையும் செனட் ஒப்புதல் நாளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். கதை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குக் கறுப்பினக் குடியுரிமை வழக்கறிஞர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியை அதிபர் லிண்டன் ஜான்சன் 1966 ஜனவரியில் பரிந்துரைத்தார். ஆனால் வெள்ளையர் மட்டுமே படித்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் மெரிடித்துக்கு இடம் பெற்றுத்தர வாதாடிய அவரை, அதே மாநிலத்தவரும் செனட் நீதித்துறைக் குழுத் தலைவருமான ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்து எதிர்த்ததால், ஒப்புதல் ஆகஸ்ட் இறுதியில்தான் கிடைத்தது.

அடுத்து, 1986இல் மோட்லி ‘சீனியர்’ நிலைக்கு மாறினார் என்றிருப்பதை ஓய்வு என்று படித்துவிடக் கூடாது. குறைந்தது 65 வயதாகி, வயதும் பணியாண்டுகளும் சேர்ந்து 80ஐ எட்டியவர், பதவியில் நீடித்தபடியே வழக்குச் சுமையைக் குறைத்துக்கொள்ள, காலியாகும் இடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்படும் ஏற்பாடு அது. மோட்லி 2005இல் இறக்கும்வரை அந்நிலையிலேயே இருந்தார்.

அண்மைக்கால நீதிபதியானால், செனட் நீதித்துறைக் குழுவுக்கு அவர் அளித்த வினாத்தாள் பதில்களையும் படியுங்கள். வழக்கறிஞராக நடத்திய முக்கிய வழக்குகளை அதில் அவரே விவரித்திருப்பார்.