மூன்று மரங்களை எப்படிப் பார்ப்பது?

மரங்கள் உள்ள எட்சிங் படங்களை, அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் படங்களைப் பார்த்துப் பழக ஆசையா? டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1643-இல் செய்த 'மூன்று மரங்கள்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். ஏறக்குறைய ஏ4 தாளைப் படுக்கப்போட்ட அளவுதான், ஆனால் அதற்குள் ஒரு புயலும், தூரத்தில் தட்டையாகக் கிடக்கிற ஒரு நகரமும் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, போனை விட்டுவிட்டுப் பெரிய திரையில் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் பெரிதாக்காதீர்கள், கண்ணை இடுக்கிப் பாருங்கள். இலை, புல், ஆள் எல்லாம் மங்கி, எங்கே கறுப்பு எங்கே வெள்ளை என்பது மட்டும் மிஞ்சும். வலப்பக்க மேட்டில் மரங்கள் இருட்டாக நிற்க, அவற்றின் பின்னால் வானம் பளிச்சென்று இருக்கும். அந்த வெளிச்சம் வரைந்ததே இல்லை, அது வெறும் காகிதம்! செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் வைத்தால் கீறின இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் தங்குகிற மைதான் தாளில் ஏறும். அதனால் கோட்டைத் தேடும் முன், அவர் கை வைக்காமல் விட்ட இடங்களைத் தேடுங்கள்.

சரி, இப்போது பெரிதாக்குங்கள். இடது மேல் மூலையில் ஸ்கேல் வைத்து இழுத்தது போலச் சாய்ந்த கோடுகள், அதுதான் மழை. பக்கத்திலேயே மேகம் சுருண்டு சுருண்டு போகிறது. அப்புறம் மரத்துக்கு வாருங்கள்: தனித்தனி இலை என்று எதுவும் இல்லை, குட்டிக் குட்டிச் சுழிகளும் கிறுக்கல்களும்தான், ஆனாலும் காற்று அசைக்கிற கிளை தெரிகிறது. நிழலுக்குள் போனால் கோட்டின் மேல் கோடு குறுக்காக ஓடும். எத்தனை நெருக்கமோ அத்தனை இருட்டு. அந்தக் குறுக்குக் கோடுகளின் நடுவே துளித்துளியாக வெள்ளை மிச்சம் இருப்பதால்தான் நிழல் தார் பூசியது போல அடைத்துப்போகாமல் மூச்சு விடுகிறது, இதை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

சில கறுப்புகள் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும். அது டிரைபாயின்ட்: அமிலம் இல்லாமல் ஊசியால் நேராகச் செம்பைக் கீறும்போது ஓரத்தில் பிசிறு எழும்பும், அந்தப் பிசிறும் மையைப் பிடித்துக்கொள்ளும். அச்சு எடுக்க எடுக்க அது நசுங்கித் தேய்ந்துவிடும், அதனால் ஒரே தகட்டின் முந்தைய பிரதியும் பிந்தைய பிரதியும் ஒன்றுபோல இருக்காது. நியூயார்க்கின் மெட் மியூசியத்திலும் ஒரு பிரதி உண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து நிழல்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக வலது கீழ் மூலைப் புதரின் இருட்டுக்குள் பொறுமையாக நுழையுங்கள். சட்டென்று பிடிபடாது, கண் பழகியதும் கோடுகள் பிரிந்து ஒரு காதல் ஜோடி தெரியும்.