தொழில்முனைவு சொல்லித்தரும் ஆசிரியருக்கு ஆலோசனை: எங்கே சறுக்குகிறோம்

அரசுப் பள்ளி ஆசிரியர் என்பவர் தேர்வு எழுதி, மாதச் சம்பளத்தை நம்பி வந்தவர். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி முன் அனுமதி இல்லாமல் அவர் ஒரு பெட்டிக்கடைகூட நடத்த முடியாது. அவரிடம்தான் 'துணிந்து தொழில் தொடங்கு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்கிறோம். இந்த முரணைப் பேசாமலே அந்த ஆசிரியருக்கான ஆலோசனையை (கவுன்சலிங்கை) தொடங்குவது பெரிய தவறு.

இன்னொன்று, பயிற்சியையே ஆலோசனை என்று நினைத்துக்கொள்வது. பயிற்சியில் ஸ்லைடு ஓடும், டீ வரும், வருகைப் பதிவில் கையெழுத்தும் ஆகிவிடும். ஆனால் "எனக்கே நம்பிக்கை இல்லாததை எப்படி சார் பிள்ளைங்ககிட்ட சொல்றது?" என்று ஐம்பது பேர் நடுவில் யாரும் எழுந்து கேட்கமாட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். எதிரில் இருப்பவர் தலைமையாசிரியராகவோ ஆய்வுக்கு வரும் அதிகாரியாகவோ இருக்கக் கூடாது. தன்னைப் பற்றிக் குறிப்பு எழுதப்போகிறவரிடம் பயத்தை யார் சொல்வார்கள்?

அப்படித் தனியாக உட்கார்ந்த பிறகும் ஆலோசகர்கள் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். தயங்கும் ஆசிரியருக்கு உடனே கோடீஸ்வரர் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குப் பதில், "உங்க வீட்ல யாராவது கடை வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவின் மளிகைக் கடை, அது கடனில் மூழ்கியது, அதனாலேயே 'நீயாவது அரசு வேலைக்குப் போ' என்று அம்மா சொன்னது என ஏதாவது ஒன்று வரக்கூடும். அந்தத் தயக்கத்துக்கு 'எதிர்மறை மனநிலை' என்று பெயர் வைப்பது அநியாயம். அது அனுபவம். கடன் வாங்கும் முன் என்ன யோசிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்?

அப்புறம் பணம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-இல் வந்த 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' திட்டத்தில் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் விதைப்பணம் கொடுத்தார்கள். இப்படிப் பணம் கைமாறும் இடத்தில் ஆசிரியருக்கு முதலில் வரும் கவலை, நட்டமானால் யார் பதில் சொல்வது, ஆடிட்டில் மாட்டிக்கொள்வோமா என்பதுதான். பிள்ளைகள் போட்ட ஊறுகாய் பாதி விற்காமல் பூசணம் பிடித்துவிட்டது என்று வையுங்கள். "தைரியமா இருங்க" என்பது அதற்கு ஆலோசனை ஆகாது. வீணான சரக்கைக் கணக்கில் எப்படிக் காட்டுவது, பெற்றோரிடம் என்ன சொல்வது, அழும் பிள்ளையிடம் எப்போது பேசுவது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தூக்கமின்மை, நீடித்த மனச்சோர்வு என்று பேச்சு போனால், அது இந்த ஆலோசகரின் வேலை இல்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐக் கொடுத்துவிடலாம்.

பொதுத்தேர்வு நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். ஆசிரியர் வருவார்தான், ஆனால் நினைப்பெல்லாம் ரிவிஷன் தேர்வுத் தாளிலேயே இருக்கும்.